காப்பார் அக்கா தைத்த நாடா

என் அலமாரியில் நாலு விரல் அகலத்தில் ஒரு பாவாடை நாடா இருக்கிறது. காப்பார் அக்கா பழைய வேட்டியைக் கிழித்து, மடித்துத் தைத்தது. நைந்துவிட்டது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

எண்பதுகளில் எனக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றின் இடப்பக்கம் துளையிட்டு, மலம் சேர ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. என்னைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் கூடுவதாக ஆஸ்பத்திரித் தாதி சொன்னார், வேண்டாவெறுப்பாகப் போனேன். அக்கா அங்கேதான் அறிமுகம். காப்பார் என்னும் ஊரிலிருந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, "என்னா, எல்லாரும் பையோட வந்தாச்சா?" என்று சிரித்தபடி நுழைவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மகளுக்குக் கல்யாணம் கூடியது. தாரை வார்க்கும்போது நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சம்பந்தி வீட்டார் முன் துளை வழியாகக் காற்று பிரிந்து வயிறு சத்தம் போட்டால் மானம் போய்விடுமே என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். கல்யாணத்தன்று காலை எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "சாப்பிடலையா? நல்லா இருக்குலா உன் புத்தி! வெறும் வயித்துலதான் காத்து ஏறிக் கத்தும்." இரண்டு இட்லியை ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். தான் தைத்துக் கொண்டுவந்த, உறுத்தாத அந்த அகல நாடாவைத் துளைக்கு மேலே தள்ளிக் கட்டி, பை அழுந்தாதபடி கொசுவத்தை உயர்த்திச் செருகினார்.

இட்லி தாமதமாகிவிட்டது போலும். மேளம் ஓய்ந்து ஐயர் மந்திரம் சொல்லும் நேரம் பார்த்து வயிறு கத்தியது. சம்பந்தியம்மா திரும்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. செம்போடு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "மன்னிச்சிக்குங்கம்மா, என் வயிறுதான். ஆபரேஷன் பண்ணிப் பை வச்சிருக்கு, நேரங்காலம் தெரியாது அதுக்கு."

"பரவால்லம்மா," என்று சம்பந்தியம்மா திரும்பிக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். என் வயிறுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்கு உண்டு. சாயங்காலம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அட, எனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றபடி மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

அக்கா இப்போது இல்லை. போன வருஷம், எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வரும் ஒரு பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். அக்காக்காரிக்கு நானும் ஒரு வேட்டியைக் கிழித்து அதே அகலத்தில் நாடா தைத்துக் கொடுத்திருந்தேன். மேளம் ஓய்ந்த நேரத்தில் என் பக்கத்தில் நின்ற அவள் வயிறு கத்தியது. அவள் முகம் வெளுத்துப்போய்த் தலைகுனிந்தாள்.

"மன்னிச்சிக்குங்க," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "என் வயிறுதான்."