தன்னைத் தானே பாடாதவள்

செய்தி வந்தபோது நான் வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் நார்வேயிலிருந்து நீலஸ். மாரெத்தின் தம்பி, அவளுடைய பாட்டுக் குழுவில் கிதார் வாசிப்பவன். ஆங்கிலம் அவனுக்கும் இரவல் மொழிதான் என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். மாரெத் முந்தின நாள் காலையில் போய்விட்டாளாம். நுரையீரலில் நோயாம். குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே படுக்கையாம். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாளாம். நான் "சரி" என்றேன். அந்த இடத்தில் சொல்கிற வார்த்தையா அது? ரிசீவரை வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தந்தியை முறுக்கினேன். சுருதி சேர்த்தேன். பெட்டியை மூடினேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் வெண்டைக்காய் நறுக்கினேன்.

மிருதங்கம் ராகவன் அண்ணா மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் இருக்கிற சிறிய கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். மாரெத்தை இங்கே தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆனாலும் கூடம் நிறைந்தது. பேச்சு முடிந்ததும் நான் வாசிக்க வேண்டும் என்று வந்திருந்த நீங்கள் எல்லாரும் எதிர்பார்த்தீர்கள். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. சிலருக்குக் கோபம். வெள்ளைக்காரிக்கு வாசிக்க மனம் வரவில்லையா என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டாராம். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும்.

மாரெத் பிறந்தது நார்வேயின் வடக்கு ஓரத்தில், பனிமான் மேய்க்கிற குடும்பத்தில். சாமி என்பது அவர்கள் இனத்தின் பெயர். நம்முடைய சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவள் இங்கே இருந்த நாட்களில் நான் விளக்காத ஆள் இல்லை. அவர்கள் பாட்டுக்கு யோய்க் என்று பெயர். பாதிரியார்கள் அதைப் பாவம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் தண்டனை. மாரெத் அதே பாட்டை எடுத்து, கூடவே டிரம்மும் கிதாரும் சிந்தசைசரும் சேர்த்து, ஊர் ஊராக மேடையேற்றினாள். உலக இசை என்று அதற்கு முத்திரை குத்தினார்கள். "எங்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும் அந்தப் பெயர் வைத்துவிடுகிறார்கள்" என்பாள். பாண்டி பஜார் கேசட் கடையில் அவள் கேசட்டை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் யோகாசன கேசட்டுகளோடு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நம் பாட்டையும் அவர்கள் பாட்டையும் ஒன்றாக வைத்து ஏதாவது செய்யலாம் என்று அவளை இங்கே வரவழைத்தார்கள். ஓட்டல் பிடிக்கவில்லை என்று ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். முதல் நாள் ஒத்திகை எங்கள் கூடத்தில். அவள் ஒன்று பாடினாள். வார்த்தை என்று அதில் எதுவும் இல்லை. லோ, லா, நானா என்று சுழன்று சுழன்று வந்தது. எனக்குப் பழக்கம் விடுமா? ஐந்து சுரத்தைப் பிடித்து ராகமும் கண்டுபிடித்துவிட்டு, "இது எங்கள் மோகனம் மாதிரி இருக்கிறது" என்றேன். அவள் ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "மோகனம், அது யார்?"

யார் என்று கேட்டாளே ஒழிய, என்ன என்று கேட்கவில்லை. கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அவர்களுக்குப் பாட்டு என்றால் ஓர் ஆள். அல்லது ஒரு மலை, ஒரு மான், ஒரு காற்று. "நான் என் அம்மாவைப் பற்றிப் பாடவில்லை, பத்மா. அம்மாவைப் பாடினேன்" என்றாள். எனக்கு அப்போது அது புரிந்தது என்று சொன்னால் பொய். தலையை ஆட்டினேன்.

ராகவன் அண்ணாவின் கவலை வேறு. "பத்மா, உன் சிநேகிதி எங்க எடுக்கறா, எங்க விடறா, ஒண்ணும் பிடிபடலையே. ஒரு இடத்துலயாவது தாளத்தோட சமத்துக்கு வரச் சொல்லேன், புண்ணியமாப் போகும்" என்றார். சொன்னேன். அவளும் முயன்றாள். ஆனால் சபாக் கச்சேரிகளுக்குப் பழகிய நம் காதுக்கு அவள் வைத்த சோதனை அதோடு முடியவில்லை. கச்சேரி அன்று அப்பாவைப் பாடிக்கொண்டே வந்தவள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவது போலச் சட்டென்று நிறுத்திவிட்டாள். கை தட்டுவதா, காத்திருப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசை மாமா ஒருவர் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ராகவன் அண்ணா மானத்தைக் காப்பாற்ற மிருதங்கத்தில் ஒரு பெரிய தீர்மானம் வாசித்து அதை முடித்து வைத்தார். அதற்குத்தான் கைதட்டல் விழுந்தது.

திரும்பி வருகிற ஆட்டோவில் அண்ணா அவளைக் கேட்கச் சொன்னார், ஏன் அப்படிப் பாதியில் விட்டாள் என்று. நான் மொழிபெயர்த்தேன். "ஓர் ஆளை எப்படி முடிப்பது?" என்றாள் மாரெத். வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணா, "கேக்கறதும் நியாயந்தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே அவர் வீட்டில் டிபன். அண்ணா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்; அது அவர் நெற்றியில்தான் இருந்தது. மாரெத் அடையைச் சாப்பிட்டுக்கொண்டே அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று தொடங்கினாள். கனமாக நாலு அடி, ஒரு தடுமாற்றம், அப்புறம் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு துள்ளல். யாரைப் பாடுகிறாள் என்று அவள் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து மன்னி தோசைத் திருப்பியோடு ஓடி வந்தார். "அட, இது அவர்னா! அவரேதான்! நாற்பது வருஷமா நடந்துண்டு இருக்காரே, எனக்குத் தெரியாதா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணாவுக்கு வெட்கம். ஆனால் அன்று மாலை அவர் குளக்கரையில் நடந்துபோனபோது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார் என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் ஒரு சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தோம். "எல்லாரையும் பாடுகிறாயே, உன்னைப் பாடு" என்றேன். "அது என்னிடம் இல்லை. அம்மாவிடம் இருக்கிறது" என்றாள். அவர்களுடைய முறை அது. ஒருவருக்கான பாட்டை வேறொருவர்தான் செய்து தர வேண்டும். தன்னுடையதைத் தானே பாடிக்கொண்டு திரியக் கூடாது. அது தற்பெருமை, அநாகரிகம். அவள் தொட்டிலில் கிடந்தபோது அம்மா செய்தது. அம்மா பாடுவார், ஊர் பாடும், இவள் பாட மாட்டாள். அத்தனை கேசட்டுகளிலும் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், செத்துப்போன ஒரு நாய் கூட இருக்கிறது. மாரெத் மட்டும் இல்லை.

"சரி, என்னைப் பாடு" என்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லை பத்மா. நீ இன்னும் எனக்குப் பிடிபடவில்லை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தட்டு அடைக்குள் ராகவன் அண்ணா பிடிபட்டுவிட்டார். இரண்டு மாதம் என் வீட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டு, என் அறையிலேயே தூங்கி எழுந்தவளுக்கு நான் பிடிபடவில்லையாம். விமான நிலையத்தில் கட்டிக்கொண்டபோது கூட எனக்கு அந்த வருத்தம் போகவில்லை. அதற்குப் பிறகு கடிதம் உண்டு, புத்தாண்டு வாழ்த்து உண்டு. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வாசிப்பது என்று யோசித்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் சரியாகப் பட்டது. மாரெத்தை வாசிக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த பாட்டோ, அவள் மேடையில் பாடிய பாட்டோ அல்ல, அவளையே. அது அவள் அம்மாவிடம்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டு வசதி கிடையாது. அடையாறு சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். பெண்ணைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பாட்டுக் கேட்பதா என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் போனேன்.

நீலஸ் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் இருங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டான். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. "மாரெத்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல? "பத்மா. மெட்ராஸ்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

பூத்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டித் திறந்தார். "இன்னா மேடம், லைன் கீதா இல்லியா? நீங்க ஒண்ணியும் பேசவே இல்லியே. மீட்டர் ஓடிக்கினு கீது." கையைக் காட்டினேன். அதற்குள் அந்த அம்மா பாட ஆரம்பித்துவிட்டார். ரிசீவருக்கு வெளியிலும் கேட்டிருக்க வேண்டும். பூத்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

வயதான குரல். கீழே ஆரம்பித்து, ஒரு சுரத்தை வைப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வைத்தது. நாலு அடி போனதும் திரும்பி வந்து முதல் இடத்தைச் சரிபார்த்தது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற மாதிரி. நடுவில் எங்கிருந்தோ ஒரு கோபம் உயரத்துக்குப் போய், அதே வேகத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டது. இதுவா மாரெத் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் எதையும் திரும்பிப் பார்க்கிற ஆளே இல்லை. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாததா? நான் சுரங்களை மனதில் எழுதிக்கொண்டே வந்தேன். விரல்கள் பூத்தின் பலகையில் தாமாகவே வாசித்துக்கொண்டிருந்தன. பிறகு அது நின்றது. நடுவில்தான் நின்றது.

நீலஸ் வாங்கிப் பேசினான். "நன்றி சொல்லுங்கள். மாரெத் இப்படியென்று நான் நினைத்ததே இல்லை" என்றேன்.

"இல்லை" என்றான் அவன். "அம்மாவால் மாரெத்தை இப்போது பாட முடியவில்லை. வாயைத் திறந்தால் வருவதில்லை. நீங்கள் உங்கள் பெயரைச் சொன்னீர்கள் அல்லவா? அம்மா பாடியது உங்களை. மெட்ராஸிலிருந்து வந்த வருடம் மாரெத் செய்தது. உங்களிடம் பாடிக் காட்டவில்லையா? அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். படுத்திருந்த நாட்களில் பத்மாவைப் பாடு என்று கேட்பாள். அம்மா பாடுவார்."

நான் வெளியே வந்தேன். பூத்காரர், "யாரு மேடம் அந்தம்மா? நல்லா பாடுச்சு" என்றார். தெரிந்தவர்கள் என்றேன். அடையாறு சிக்னலில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நாளாக வராத அழுகை இப்போது வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் என் விரலில் இருந்தது அந்த ஒரு பாட்டுதான். மாரெத் விட்டுப்போனதில் அதைவிட நல்லது எதுவும் என்னிடம் இல்லை. அதை வாசித்திருந்தால் நீங்கள் எல்லாரும் மாரெத் என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். ராகவன் அண்ணா கூட நினைத்திருப்பார். ஆனால் அவர்கள் முறைப்படி அதை வாசிக்கக் கூடாத ஒரே ஆள் நான். அதனால்தான் பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு மகளைப் பாட வருகிற நாளில் சொல்கிறேன் என்று நீலஸ் சொல்லியிருக்கிறான். அதுவரை மாரெத் என்னிடம் இல்லை. நான்தான் இருக்கிறேன், அவள் என்னைப் பார்த்த மாதிரி. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.