தரையில் கால் வைத்ததால் வந்த வினை

இடைவிடாமல் சைக்கிள் ஓட்டுவது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஏழு நாளைக்குக் கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான்.

அறுபதுகளில் பம்பாயில் எந்த மைதானத்தில் ட்யூப் லைட் கட்டி ரிக்கார்டு போட்டிருந்தாலும், போய் எட்டிப் பாருங்கள், நடுவில் ஒருவன் சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருப்பான். மாட்டுங்கா லேபர் கேம்ப், தேவ்நார், குர்லா வட்டாரத்தில் அந்த ஒருவன் நான்தான். ‘சூறாவளி செல்லத்துரை’ என்று பெயர். பெயரை வைத்தவன் என் கூட்டாளி மைக் மாணிக்கம். நான் ஓட்டுவேன், அவன் பேசுவான். இரண்டு பேருக்கும் லேபர் கேம்ப்பில் ஒரே கோலி, அதாவது ஒற்றை அறை. சாப்பாடு, குளியல், ஷேவிங், அரைத் தூக்கம் எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். மற்ற சமாச்சாரத்துக்குச் சாக்குப் படுதா கட்டிய ஒரு மூலை உண்டு. அங்கேயும் நான் இறங்குவதில்லை. எப்படி என்று கேட்காதீர்கள், அது தொழில் ரகசியம்.

குதிகாலைக் கெடுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருக்கும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. நீங்கள் ஓடிக் கெடுத்திருப்பீர்கள், தாண்டிக் கெடுத்திருப்பீர்கள். நான் கெடுத்துக்கொண்ட விதத்தைக் கேட்டால் உங்களுக்கு வலி கொஞ்சம் குறையும்.

அடித்தது யார்?

ஒரு அக்டோபர் மாதம், லேபர் கேம்ப் மைதானத்தில் ஏழாம் நாள் சாயங்காலம். மேளம், பட்டாசு, கொட்டகை கொள்ளாத கூட்டம். பாக்கு மண்டி பொன்னையா அண்ணாச்சி தலைமை தாங்கினார். நான் சைக்கிளில் இருக்கும்போதே ஆளுயர மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். இனி நான் இறங்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மாணிக்கம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்: “ஏழு நாளா பாத்த சனம்லே. சும்மா எறங்கினா சப்புனு போயிரும். குதிச்சிரு.” நானும் குதித்தேன்.

வலது கால் தரையைத் தொட்டது. ‘படக்’ என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ விறகுக் கட்டையால் குதிகாலுக்கு மேலே ஓங்கிப் போட்ட மாதிரி இருந்தது. குதிகாலையும் ஆடுசதையையும் இணைக்கும் நார் கிழிந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். இதை டாக்டர் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்குத் தெரியுமா? திரும்பிப் பார்த்தேன், அண்ணாச்சி ஒருவர்தான் நிற்கிறார். எட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எதுக்குவே அடிச்சீரு?” என்று கத்தினேன். மாணிக்கம் கையில் மைக் இருந்ததால் அது கேம்ப் முழுக்கக் கேட்டது. பாவம், அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

“ஏடே, நான் மாலைல்லா போட்டேன்!”

முன் அனுபவம்

என்னை டாக்சியில் போட்டு மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஒல்லியான மனிதர், நெற்றியில் விபூதி, காதில் குழாய். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி ஆடுசதையை அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் பாதம் நன்றாக அசைய வேண்டுமாம். என் பாதம் ஏதோ கடனே என்று அசைந்தது. நார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது என்றார். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிவைத்து விரலிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டார்.

“நன்னாக் கேட்டுக்கோங்கோ. ஆறு வாரத்துக்கு இந்தக் காலைத் தரையில வைக்கப்படாது. ஸ்நானம், சாப்பாடு எல்லாம் இருந்த இடத்துலயே. சிரமமாத்தான் இருக்கும்” என்றார். மாணிக்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல், என் தொழில் என்ன, ஏழு நாளும் நான் எப்படிச் சாப்பிடுகிறேன், எப்படிக் குளிக்கிறேன் என்பதையெல்லாம் மைக்கில் பேசும் குரலிலேயே விளக்கினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேஷ்! அப்போ இவருக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்லிக் கொடுக்க வேண்டாமே?”

மாமனார் போட்ட நிபந்தனை

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் எஸ்தர், செம்பூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் அப்பா ஆசீர்வாதம் தாராவியில் ஷூ தைக்கும் பட்டறை வைத்திருந்தார். நான் முந்தின வருஷம் தாராவியில் ஓட்டியபோது எஸ்தர் தினமும் ஆபீஸ் விட்டு வந்து, ஒரு ட்யூப் லைட் கம்பத்தடியில் நிற்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அவளைப் பார்க்கலாம். அந்த ஏழு நாள் நான் இறங்காமல் ஓட்டியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மாவுக்கட்டு போட்ட மறுநாளே ஆசீர்வாதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். கட்டைத் தட்டிப் பார்த்தார். “மாப்பிள, எதுக்கு உமக்குப் பொண்ணு தாரேன்னேன்? ஏழு நாளு சைக்கிள விட்டு எறங்காதவன், குடும்பத்தையும் விட்டு எறங்கமாட்டான்னுதான். இப்ப எறங்கின ஒடனே காலு போச்சுங்கீரு. நொண்டிக்கிட்டு வார மாப்பிளைக்குப் பொண்ணக் குடுத்தான்னு தாராவி பூரா சிரிக்கும். ஒண்ணு சொல்லுதேன். கல்யாணத்தன்னைக்கு வேதக்கோயில் வாசல்ல இருந்து போதகரு நிக்குத ஆல்டர் வரைக்கும் நீரா நடந்து வரணும். கம்பு கூடாது. ஒருத்தர் தோளையும் பிடிக்கக்கூடாது. முடியாதுன்னா சொல்லிரும், அடுத்த வருசம் பாப்போம்.”

அடுத்த வருஷம் இவர் பார்க்கப்போவது வேறு மாப்பிள்ளையை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்தர் எனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் கால் வலியைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கலக்கத்தில் வாய் உளறியது: “மாமா, சைக்கிள்ல வந்தா ஒத்துக்கிடுவியளா?” அவர் வாழைப்பழத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“கோயிலுக்குள்ள சைக்கிளு விடமாட்டாவ, பாத்துக்கிடும்.”

குர்லா பயில்வான்

டாக்டர் சொன்னபடி சும்மா கிடந்தால் ஜனவரிக்குள் குணமாகாது என்று மாணிக்கத்துக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அவன் குர்லாவுக்குப் போய், சுளுக்கு எடுப்பதில் பேர்போன ஒரு பயில்வானை அழைத்து வந்தான். அவர் உள்ளே நுழைந்ததும் கோலியில் இடமில்லாமல் மாணிக்கம் வெளியே போக வேண்டியதாயிற்று. தமிழ்க்காரர்களுக்குச் சுளுக்கு எடுத்து எடுத்துப் பாதித் தமிழ் அவருக்கு வந்திருந்தது. மாவுக்கட்டைப் பார்த்து முகம் சுளித்தார். டாக்டர் கை வைத்த காலில் தாம் கை வைப்பதில்லை என்று கொள்கையாம். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் அவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவாரா? எண்ணெய்க் குப்பியைத் திறந்து என் இடது காலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஆரோக்கியமாக, எந்த வம்புதும்புக்கும் போகாமல் இருந்த கால் அது. அதைப் பிசைந்து, முறுக்கி, சொடக்கு எடுத்தார். நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “அடிபட்டது அந்தக் காலுய்யா!” என்று அலறினேன். அவர் நிதானமாக இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டார்.

“அரே, யே பீ, இதுவும் உன் கால்தானே?”

படுக்கைக் காட்சி

அதற்குப்பின் இரண்டு காலையும் தரையில் வைக்கமுடியாமல் கிடந்தேன். மாணிக்கத்தின் ஒலிபெருக்கியும் வேலையில்லாமல் மூலையில் கிடந்தது. பேசாமல் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்து பார்க்கிறேன், வாசலில் கொடி கட்டியிருக்கிறது. வெளியே மாணிக்கத்தின் குரல் முழங்குகிறது: “அன்பார்ந்த பெருமக்களே! ஏழு நாளல்ல, ஆறு வாரம்! தரையில் கால் படாமல், இரவு பகல் பாராமல், இதோ படுத்துக்கொண்டிருக்கிறார் நமது சூறாவளி செல்லத்துரை!”

விளையாட்டில்லை, ஜனங்கள் வந்தார்கள். வரிசையாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போனார்கள். ஒரு அம்மாள் என் கால்மாட்டில் ஒரு ஆரஞ்சுப்பழத்தை வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர், நான் திருட்டுத்தனமாகக் காலை ஊன்றுகிறேனா என்று கண்டுபிடிக்க, பீடி புகைத்துக்கொண்டே பொழுதுசாயும்வரை உட்கார்ந்திருந்தார். ஊன்றவில்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். மில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு பெரியவருக்குத்தான் காட்சி கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாணிக்கத்திடம் புகார் செய்தார்.

“சைக்கிள்லன்னா அவரு சுத்துவாரு, நாம நின்ன எடத்துல நின்னு பாக்கலாம். இங்க நாமல்லா கட்டிலச் சுத்த வேண்டியிருக்கு!”

நின்றால் விழுவேன் என்ற பயம்

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த காலைப் பார்த்து, இது என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. முருங்கைக்காய்க்கு ரோமம் முளைத்தால் அப்படி இருக்கும். புதிதாக ஒட்டிய நார் இழுபடாமல் இருக்கக் குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். சைக்கிள் காட்சிக்கு அடித்து மிச்சமாகிப்போன எங்கள் நோட்டீஸ்களை மடித்து மடித்து ஷூவுக்குள் திணித்துக்கொண்டேன். ‘சூறாவளி செல்லத்துரை’யை நானே மிதித்துக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் கோயிலுக்குள் நடந்து பழக எஸ்தர் ஏற்பாடு செய்தாள். அவள் அம்மா கடைசி பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்து பைபிள் படித்தாள். படித்தாளோ, எங்களைப் பார்த்தாளோ. நான் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டால், ஒரே தடதடவென்று நொண்டிக்கொண்டே ஓடி, பாதி தூரத்தில் ஏதாவது பெஞ்சில் போய் மோதுவேன். திரும்பத் திரும்ப இதே கூத்து. மெதுவாகப் போகச் சொன்னாள், என்னால் முடியவில்லை. இத்தனை வருஷமாக வேகம் குறைந்தால் கவிழ்ந்துவிடும் என்று பழகிப்போன உடம்பு இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா பைபிளில் பக்கம் புரட்டிய நேரம் பார்த்து எஸ்தர் கிட்டே வந்தாள்.

“இது சைக்கிள் இல்ல. நின்னாலும் நீங்க விழமாட்டிய.”

தோள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆசீர்வாதம் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. பளபளவென்று முகம் பார்க்கலாம். இரண்டிலும் குதி நன்றாக உயர்த்தித் தைத்திருந்தது. நான் அந்தக் குதியையே தடவிப் பார்த்தேன். “உமக்காக ஒண்ணும் தைக்கல. எம்மவ ஒசரம். பக்கத்துல நீரு குட்டையா நின்னா போட்டோ நல்லா இருக்காது” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கோயில் வாசலில் நின்றேன். கூட்டம் மைதானத்துக் கூட்டத்துக்குக் குறைந்ததில்லை. மாணிக்கத்திடமிருந்து மைக்கை வாங்கிவைத்துவிட்டார்கள், அந்த மட்டும் புண்ணியம். முன்பெஞ்சில் ஆசீர்வாதம் திரும்பி உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அடி வைத்தேன், நின்றேன். விழவில்லை. இன்னொரு அடி, மறுபடி நின்றேன். ஆர்மோனியக்காரர் பாட்டை முடித்துவிட்டு வேறு வழியில்லாமல் முதலிலிருந்து வாசித்தார். இரண்டு பக்கமும், “மாப்பிளைக்கு என்ன ஒரு அடக்கம்!” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆல்டர் வந்துவிட்டது. கம்பு இல்லை, தோள் இல்லை. ஆசீர்வாதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

எஸ்தர் வந்தாள், தாலி கட்டினேன், ஆசீர்வாதத்துக்காக முழங்காலிட்டோம். ஆண்டவருடைய ஆசீர்வாதம், மாமனார் இல்லை. எல்லோரும் நடப்பதைப் பற்றியே கவலைப்பட்டோமே தவிர, முழங்காலிட்டவன் எழுந்திருக்க வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போதகர் எழுந்திருக்கச் சொன்னார். எஸ்தர் எழுந்தாள். நான் எழவில்லை. வலது கால் மறுத்துவிட்டது. போதகர் இன்னொரு தரம் சொன்னார். எஸ்தர் குனிந்து தோளைக் கொடுத்தாள், நான் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எழுந்தபின்தான் நிபந்தனை ஞாபகம் வந்தது. மாமனார் பக்கம் திரும்பி, “மாமா, தோளைப் பிடிச்சிட்டேன்” என்றேன். அவர் பட்டறையில் ஆளை அதட்டுகிற குரலில் கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

“அடுத்தவன் தோளைத்தாம்வே பிடிக்கப்பிடாதுன்னேன். பொண்டாட்டி தோளைப் பிடிக்கப்பிடாதுன்னு எப்பச் சொன்னேன்?”

அதற்குப்பிறகும் பல மைதானங்களில் ஓட்டினேன். சைக்கிளில் ஏறுவதற்கு எனக்கு ஒருவர் தயவும் தேவைப்பட்டதில்லை, இறங்குவதற்கு மட்டும் வீட்டுக்காரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தோள் கொடுக்க வர வேண்டியிருந்தது.