பூமயில் குவித்த சேறு

என் சின்ன நாத்தனார் பூமயிலைப் பொல்லாதவள் என்பார்கள். சொல்லட்டும். அவள் புருஷன் தவசிக்கு நடந்தது சொல்கிறவர்கள் வீட்டில் நடந்திருந்தால் தெரியும்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். உப்பூருக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி. உப்புத்தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சேறு அடியில் படிந்த பிறகு, தெளிந்ததை மட்டும் கெட்டித் துணியில் வடிகட்டி உள்ளே அனுப்ப வேண்டும். துணி தவசியின் பொறுப்பு. தொட்டி, மேஸ்திரி ராக்கப்பனின் பொறுப்பு. அவனுக்குச் சேவற்சண்டைக்குப் போகிற அவசரம். சேறு படியுமுன்பே மடையைத் திறந்துவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் சேறு அடைத்துத் துணி கிழிந்தது. கலங்கல் உள்ளே போய் வேலையே நின்றது.

மானேஜர் கேட்டபோது ராக்கப்பன் கூசாமல் சொன்னான்: "தவசி நல்ல துணிய வீட்டுக்குக் கொண்டுபோயி கோவணம் கட்டிக்கிட்டான்யா. கிழிசலத்தான் இங்கன போட்டிருக்கான்."

தவசிக்கு வேலை போனது. அதைக்கூடப் பூமயில் தாங்கியிருப்பாள். ஊரே "கோவணத் தவசி" என்று கூப்பிட்டதைத்தான் தாங்கவில்லை. அந்த மனிதர் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

உப்பில் கை வெடிக்கும் என்று யாரும் அந்தத் துணியைத் துவைக்க வரமாட்டார்கள். பூமயில் அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்தாள். சோற்றுக்காக இல்லை, ராக்கப்பனுக்காக. அலசிய சேற்றை ஓடையில் விடுவது வழக்கம். இவள் அண்டாவில் பிடித்துவைத்து, கூடை கூடையாக மானேஜர் ஜீப் வரும் பாதையில் கொட்டினாள்.

"ஏ பூமயிலு! சேத்த எதுக்கு வழியில கொட்டுற?" என்றான் ராக்கப்பன்.

"நீங்க அனுப்புனதுதானே அண்ணே. வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க."

மானேஜரிடம் சொன்னால் சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்பாரே! ராக்கப்பன் தானே மண்வெட்டி எடுத்து அள்ளிப் பார்த்தான். இவள் மேலும் கொட்டினாள். ஒரு மழைக்கு ஜீப் புதைந்தது.

"யாரு கொட்டுனது இத?" மானேஜர் இறங்கிக் கத்தினார்.

"நான்தான்யா. எல்லாம் துணியில வந்தது. தொட்டியில தங்க வேண்டியது துணிக்கு எப்படி வந்துச்சுன்னு மேஸ்திரியக் கேளுங்க."

சேற்றுக் காலோடு அவர் தொட்டிக்கு நடந்தார். மடை திறந்து கிடந்தது, மேஸ்திரியைக் காணோம்.

பிறகு தொட்டியை இரண்டாகத் தடுத்து நடுவே மணல் படுகை போட்டார்கள். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. ராக்கப்பனுக்கு மேஸ்திரி வேலை போய்ச் சேறு சுமக்கும் வேலை வந்தது. தவசியைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

"சொன்ன வாயே அதத் திருப்பி எடுக்கணும்யா. அதுவரைக்கும் அவுக வரமாட்டாக" என்றாள் பூமயில்.

சங்கு ஊதி ஆட்கள் வெளியேறும் நேரம். கேட் வாசலில் ராக்கப்பன் முனகினான்: "தவசி துணி எடுக்கல."

"கேக்கலை அண்ணே."

"தவசி எடுக்கல! நாந்தேன் பொய் சொன்னேன்!"

"தொண்டி பஸ்ஸுல போறவுகளுக்குக் கேக்க வேணாமா?"

அவன் இன்னும் உரக்கக் கத்தினான். அழுதேவிட்டான். அவளோடு வந்து நின்ற தவசிக்கே மனம் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "போதும் புள்ள, வா போவோம்" என்றார்.

பூமயில் கையை உதறி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"உங்களுக்குப் போதும். எனக்கு இன்னும் ஆகலை. சொல்லுங்க அண்ணே, நம்ம ஊருக்காரவுக இன்னும் பாதிப் பேரு வெளிய வரலை."