கம்ப்யூட்டர் பார்க்காத ஆட்டம்

நேற்று பேத்தி மழையில் நனைந்து வந்தாள். யூனிஃபார்மைப் பிழிந்து கொடியில் போட்டதும் வீடு முழுக்க ஈரத்துணி வாடை. எனக்கு அது பனியன் வாடை. என் மகன் செல்வம் காலேஜில் ஃபுட்பால் ஆடிய நாளில், டீமுக்கே பனியன் துவைத்தவள் நான். சேறு போக அலசி அலசியே கை வெளுத்துக் கிடக்கும்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? படித்தது அஞ்சாவது. பந்து வலைக்குள் போனால் கோல், அவ்வளவுதான். ரேங்க் என்றால் வாத்தியார் போடுவது. எனக்கு எப்போதும் கடைசிக்கு முந்தினது. கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் கடைசி.

அந்த வருஷம் சிதம்பரத்தில் காலேஜ்களுக்குள் போட்டி. ஜெயிக்கிற டீம் சென்னைக்குப் போகும். அங்கே ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று செல்வம் அதையே நம்பியிருந்தான். நானும் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிப் போனேன். ஆம்பிளைக் கூட்டத்துக்கு வெட்கப்பட்டு ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் நின்றேன். பாதி மைதானம்தான் தெரிந்தது.

அன்று எதிரே ஆடியது புவனகிரிப் பக்கத்து டீம். பாதிப் பேருக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு பூட்ஸ்கூட இல்லை. மூன்று கோல் விழுந்ததும் செல்வம் கையை விரித்துக் காட்டினான்.

"போதும்டா. பாவம்டா."

"இன்னும் போடலாம் மச்சான், ஃப்ரீயா கெடக்கு," என்றான் அவன் கூட்டாளி தாஸ்.

"போதும்னா வுடுறா."

அப்புறம் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்த எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு புயல் மழை. மைதானம் குளமாகி, கடைசி ஆட்டம் நடக்கவே இல்லை. கம்ப்யூட்டர் ரேங்க் போடட்டும், முதல் ரேங்க் சென்னைக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். ரேங்க் வந்த அன்று, சென்னைக்கென்று துவைத்து மடித்த பனியன் மூட்டையோடு நானும் சிதம்பரத்துக்குப் போயிருந்தேன்.

"நாம ரெண்டாவதுப்பா," என்றார் பி.டி. மாஸ்டர்.

"ஒண்ணுல கூட தோக்கலயே சார்!" தாஸ் கத்தினான்.

"மொத ரேங்க் வந்தவங்களுந்தான் தோக்கல. யாரோட ஆடுனோம், எத்தன கோல் வித்தியாசம்னு எல்லாத்தயும் போட்டுப் பாக்குது. புவனகிரிக்காரனுங்களுக்கு அவுங்க ஒம்போது கோல் போட்டுருக்காங்க. நீங்க மூணு."

வாயே திறக்காத நான் கேட்டுவிட்டேன். "ஏன் சார், அந்தக் கம்ப்யூட்டரு ஆட்டத்த பாத்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். "அதுக்கு ஏதும்மா கண்ணு? நாம குடுக்குற நம்பரதான் பாக்கும்," என்றார் மாஸ்டர். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. செல்வம் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தாஸ், "போதும் போதும்னியே, போதுமா இப்ப?" என்றான். இவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த மைதானம் முழுக்க இப்போது கட்டடம். தாஸ் எந்த ஊரில் இருக்கிறானோ. செல்வம் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறான், முட்டி வலி. டிவியில் ஃபுட்பால் வந்தால் சேனலை மாற்றிவிடுகிறான். ஏன்டா என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

சோறு போடும்போது இரண்டாவது கரண்டிக்கே தட்டின் மேல் கையை விரிக்கிறான். மைதானத்தில் விரித்த அதே கைதான்.

"போதும்மா."