வஜ்ரம் சேர்க்காத சுண்ணாம்பு

மாமாவோடு நான் ஆறு மாதம் பேசவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. பெண் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆகாதுதான். ஆனால் அந்தச் சுவரை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவர் வரைந்த படங்களை வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பஸ் பிடித்து, தான் பிறந்து வளர்ந்த ஒக்கலிபுரத்துக்கு வந்துவிடுவார். தோள்பையில் மிச்சம் மீதி ஆயில் பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும்.

எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த அரிசி மண்டியின் நீளச் சுவரைத் தெருப் பிள்ளைகள் எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அவரவர் வீட்டு ஆள் ஒருவரை வரைந்து, கீழே யாரென்று எழுத வேண்டும். அதுவரை தெருவே குப்பை கொட்டிய சுவர் அது. முகங்கள் வந்த பிறகு அங்கே குப்பை கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நான் குழாயடியில் பச்சைக் குடத்தோடு நிற்கும் அம்மாவை வரைந்து, கொட்டை எழுத்தில் 'அம்மா' என்று எழுதினேன். மூக்கு கோணலாக வந்துவிட்டது. மாமா அதைத் திருத்த மறுத்துவிட்டார். அக்கா மூக்கே அப்படித்தான் என்றார்.

காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றியெரிந்த வருஷம் அது. தமிழ் போர்டு இருந்த கடைகளில் கல் விழுந்ததாகச் சேதி வந்தது. அப்பாவும் தெருக்காரர் நாலு பேரும் மாமாவைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இதில் தமிழ் எழுத்து இருந்தால் ஆபத்து என்று பேசினார்கள்.

"எழுத்த மட்டும் அழிச்சிட்றேன்," என்றார் மாமா.

"பூரா அடிச்சிடு மச்சான். புள்ளைங்க இருக்கிற தெரு," என்றார் அப்பா.

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்களுக்கெல்லாம் பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், வாளியில் சுண்ணாம்பைக் கரைக்க உட்கார்ந்துவிட்டார்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அப்பா வஜ்ரத்தைக் காய்ச்சிச் சுண்ணாம்பில் ஊற்றுவார். அந்தப் பசை இல்லாவிட்டால் சுண்ணாம்பு சுவரில் ஒட்டாது. மாமாவின் வாளியில் அது இல்லை.

"வஜ்ரம் ஊத்தலியா மாமா?"

"கம்முனு இரு," என்றார், அப்பா நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டே.

என் அம்மாவின் முகத்தில் அவர் கையாலேயே சுண்ணாம்பு ஏறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பஸ் ஏறியதும் நேராக அப்பாவிடம் போனேன். மாமாவை எப்படியாவது அவமானப்படுத்த வேண்டும்.

"வஜ்ரமே போடல. சுண்ணாம்பு அடிக்கக்கூடத் தெரியல, இவரு டிராயிங் மாஸ்டராம்."

அப்பா போய் விரலால் தேய்த்துப் பார்த்தார். மாவாக உதிர்ந்தது. மறுநாள் ஈரச்சாக்கால் சுவரைத் துடைத்தார். கோணல் மூக்கோடு அம்மா ஒரு நிமிஷம் தெரிந்தாள். பிறகு பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த வஜ்ரம் மொத்தத்தையும் காய்ச்சி ஊற்றி, இரண்டு பூச்சு அடித்து முடித்தார். மாமாவின் வேலை மட்டம் என்று ஆனதில் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆறு மாதம் கழித்து மழை பிடித்தது. ஊர் எப்போதோ அடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா, குடைகூட இல்லாமல் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் வாசலிலிருந்து கத்தினேன். ஆறு மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"அது எங்கப்பா அடிச்சது. வஜ்ரம் போட்டு அடிச்சது. போவாது."

மாமா உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆமா கண்ணு, நல்லாதான் ஒட்டியிருக்கு," என்றார்.

ஆயில் பெயிண்டின் மேல் வெறும் சுண்ணாம்பு நாலு மழைக்குத் தாங்காது. ஊர் அடங்கும்வரை தாங்கினால் போதும், பிறகு மழையில் கரைந்து முகங்கள் வெளியே வந்துவிடும் என்றுதான் அவர் அதை அடித்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் இன்றும் கோபம் வருகிறது. சின்னப் பிள்ளையிடம் சொன்னால் போய் அப்பாவிடம் சொல்லிவிடும் என்று பயந்திருப்பார். அவர் சொல்லாமலே நான் போய்ச் சொல்லிவிட்டேன்.