கண்டக்டரை மாற்றிய வாரம்

மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், கெர்லிங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்த அனுப்பப்பட்டேன். பட்டம் பெற்ற புதிது. நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சமூகத்தில் விளைவை உண்டாக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இத்தனை துல்லியமாக நிறைவேறும் என்று எதிர்பார்க்கவில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. அந்தி சாய்ந்தால் வாயிலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு ஜனங்களுக்கு மிஞ்சிய வெளியுலகம் மண்டபத்திலிருந்த பொது ரேடியோதான். அதுவும் கெட்டுப்போயிற்று. பிடித்த நிலையம் நிற்காமல் நழுவியது. குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரைந்தது. மாணவனாக இருந்தபோது ரேடியோ கட்டிப் பழகியவன் என்பதால் நானே பின்பலகையைக் கழற்றினேன். ரேடியோவுக்குள் ஓர் அலையியற்றி உண்டு. நாம் விரும்பும் நிலையத்துக்கேற்ப அதன் அலையை மாற்றித் தருவது கண்டென்சர். மடக்கு விசிறியைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து விலகும் தகடுகள் கொண்ட உறுப்பு அது. இங்கே அதன் அச்சு தேய்ந்து, தகடுகள் உரசிக்கொண்டிருந்தன.

தொழிலாளர் குழு ஒன்றை மேற்பார்க்கும் மண்டோர் அப்போது வந்து என் பின்னால் நின்றார்.

"என்னா சார், பலத்த யோசனை?"

"கண்டென்சர் சரியில்ல. மாத்தியாகணும்."

அவர் ஏதோ திருப்பிக் கேட்டார். ரேடியோவின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. நான் "ஆமா" என்றேன்.

"என்னா கொறை சார்?"

"தேஞ்சுபோச்சு. சுத்தி வர்றப்ப எல்லாத்தையும் உரசுது. அதான் ஒரே கத்தல்."

"அதென்னமோ நெசந்தான். புதுசு வருதா?"

"கோலாலம்பூருக்கு எழுதிட்டேன். சனிக்கிழமை லோரியில வந்துரும்."

"அப்ப பழசு?"

"கழட்டி வீச வேண்டியதுதான்."

மண்டோர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். அந்த மரியாதைக்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

தோட்டத்தில் கண்டக்டர் என்று ஒருவர் இருந்தார். மண்டோர்களுக்கு மேலே, துரைக்குக் கீழே, காட்டு வேலை முழுவதையும் பார்ப்பவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் போடும் சத்தம் மூன்று லயங்களைத் தாண்டிக் கேட்கும். மறுநாள் பெரட்டில் அந்தச் சத்தத்தைக் காணோம். "வாங்கம்மா, மெதுவா வாங்க" என்றாராம். அடுத்த நாள், பிந்தி வந்த ஒரு பெண்ணிடம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம். பயந்துபோன அவள் உண்மையாகவே காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அன்று மாலை, பால்மரம் சீவும் பெண்ணொருத்தி வகுப்புக்குப் பப்பாளிப் பழத்துடன் வந்தாள். "கண்டக்டர மாத்துறீங்களாமே வாத்தியாரய்யா! அவர 'அது'ன்னே சொன்னீங்களாம். மண்டோரு மெரண்டு போயிட்டாரு லா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க எவரும் துணியாத காலம் அது. கோலாலம்பூருக்கு எழுதியிருக்கிறேன் என்று ஒரு பட்டதாரி சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

உடனே மறுத்திருக்க வேண்டும். நானோ விளைவுகளை எடைபோட உட்கார்ந்தேன். ஒரு பக்கம், வேலை போய்விடும் என்று நடுங்கும் ஒரு மனிதர். மறுபக்கம், இரண்டு நாளாக வசை கேட்காத இருநூறு பேர். பெரும்பான்மையோரின் நலன் குறித்து நான் படித்த அனைத்தும் அவருக்கு எதிராகவே பேசின. பப்பாளியும் இனிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்டக்டரே வகுப்புக்கு வந்தார். ஆங்கிலம் படித்தவர், முழங்கால் வரை காலுறை அணிந்து, முன்வரிசைப் பலகையில் பாட்டிகளுக்கிடையே அமர்ந்து, சிலேட்டில் பிழையின்றி 'அ' எழுதிக் காட்டினார். எல்லோரும் கலைந்த பிறகு எழுந்து நின்றார்.

"சார், பத்தொம்பது வருசமா இங்க இருக்கேன். வேல போனா வீடும் போயிரும். அஞ்சு பிள்ளைங்க. நான் எதுல தேஞ்சுட்டேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

என் தராசு அங்கேயே முறிந்தது.

"ஐயோ, கண்டக்டர் இல்லீங்க. கண்டென்சர்!"

அவர் முகம் மேலும் வெளிறியது. "போஸ்டுக்குப் பேரையே மாத்திட்டாங்களா சார்?"

சொல்லால் விளைந்ததை இனிச் சொல்லால் தீர்க்க முடியாது என்று தெரிந்தது. சனிக்கிழமை லோரி வந்ததும் ஊரைக் கூட்டி, கண்டக்டரை என் பக்கத்தில் அமர்த்தினேன். பழைய கண்டென்சரைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். புதியதைத் திருகி, கம்பிகளுக்கு ஈயப்பற்று வைத்தேன். நிலையம் அதற்குரிய எண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. ஓரத்துச் சிறு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன். நாதஸ்வரம் சுத்தமாக எழுந்தது.

கண்டக்டர் கையிலிருந்ததை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்தார். தகடுகள் கரகரத்தன.

"இதுதான் போகுதா? நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

நீண்ட மூச்சொன்று விட்டார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தை நோட்டமிட்டார். மண்டோர் மெல்ல ஒரு தூணின் மறைவுக்கு நகர்ந்தார்.

திங்கட்கிழமை பெரட்டில், சேர்த்து வைத்திருந்த நான்கு நாள் வசையும் ஒரே மூச்சில் வந்ததாம். அதில் பாதி மண்டோருக்கு. அன்று மாலை பெண்கள் கூட்டமாக வந்து ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். நாதஸ்வரத்தை யாரும் கேட்கவில்லை. பப்பாளி கொண்டுவந்தவள்தான் பேச்சை எடுத்தாள்.

"வாத்தியாரய்யா, இந்த ரேடியோவுல இன்னும் எதையாச்சும் மாத்த வேண்டியிருக்குமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்களேன்."