கரண்டியில் நிற்கும் ரவை

எங்கள் வீட்டில் ரவைக்கு இரண்டு கட்சி. என் கட்சிக்கு உப்புமா குழைய வேண்டும். தண்ணீரைத் தாராளமாக விட்டு, இறக்கும்போது நெய்யும் விட்டு, கரண்டியால் அள்ளினால் ஒரு பக்கமாகத் தொங்க வேண்டும். என் கணவருடைய கட்சிக்கு அது உதிர வேண்டும். ரவையை வாசம் எழும்பும்வரை வறுத்து, கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, தண்ணீரை அளந்து விட்டுக் கிளறினால் மணி மணியாக நிற்கும். அதன்மேல் அவர் சீனியைத் தூவி, ஒரு வாழைப்பழத்தையும் பிசைந்து சாப்பிடுவார். உறைப்புக்கு மேலே சீனியா என்று யாராவது முகத்தைச் சுளித்தால், உங்களுக்குச் சாப்பிடத் தெரியாது என்று கதையை முடித்துவிடுவார்.

பேர்லினில் ரவைக்குப் பெயர் கிறீஸ். சூப்பர்மார்க்கெட்டில் அதிலும் இரண்டு வகை: மென்மையான கோதுமையில் அரைத்தது குழையும், கடுங்கோதுமையில் அரைத்தது உதிரும். எங்கள் அலுமாரியில் இரண்டு பைக்கற்றும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எதை உடைப்பது என்பதில் கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து சண்டை. நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, அவரும் இல்லை.

போன குளிர்காலத்தில், நொய்கெல்ன் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆள் தப்பிவிட்டார். வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அதோடு விழுங்குவதும் பழுதாகிவிட்டது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைப் போட்டு அதனால்தான் சாப்பாடு ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குவதற்கென்றே ஒரு ஜெர்மன்காரி இருந்தாள். இளம்பெண், ஆனால் கண்டிப்பு. அவள் முதல் நாளே என்னை இருத்தி வைத்துச் சொன்ன விஷயம் எனக்குத் தலைகீழாக இருந்தது. இவருக்குத் தண்ணீர்தான் ஆபத்தாம். நீர்த்தது எதுவும் தொண்டையில் சட்டென்று ஓடிச் சுவாசப்பைக்குள் இறங்கிவிடுமாம். கெட்டியாக, கட்டி இல்லாமல், கரண்டியைச் சரித்தாலும் வழியாமல் நிற்கிற சாப்பாடு மட்டும்தான் கொடுக்கலாமாம். கட்டிலின் தலைமாட்டில் அதை எழுதியும் ஒட்டினாள்.

எங்கள் சனத்துக்கு இது ஏறுமா? வருத்தக்காரனுக்கு, அதாவது நோயாளிக்கு, எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீராகக் காய்ச்சிக் கொடு. எவ்வளவுக்கு வருத்தம் கூடுதோ அவ்வளவுக்குக் கஞ்சியும் நீர்க்க வேண்டும். கெட்டிச் சாப்பாடு சுகதேகிக்கு. இதைச் சொல்லித் தந்தவர்கள் யாரும் இல்லை, எங்கள் இரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது.

என் மச்சாளின் இரத்தத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊறியிருந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. தாயில்லாத பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவர். ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். அந்த உரிமையை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்கு மறக்க விட்டதில்லை. தம்பிக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று என் அடுப்படியில் நின்று எனக்கே பாடம் எடுப்பார்.

நான் கீழே டொக்டரோடு கதைக்கப் போயிருந்த நேரம் மச்சாள் வந்திருக்கிறார். ரவையைப் பால் விட்டு நீர்க்கக் காய்ச்சி, பனங்கற்கண்டும் போட்டு, பிளாஸ்கில் கொண்டு வந்து, கோப்பையில் ஊற்றித் தம்பியின் வாயில் வைத்துப் பருக்கியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் தாதிகள். என் கணவரின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். மச்சாள் கோப்பையைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

தாதிகள் போனதும் நான் கத்தினேன். கட்டிலுக்குக் குறுக்கே நின்றுதான் கத்தினேன்.

"நீங்கள் குடுத்ததாலதான் அவர் சாகப் பாத்தவர். இனி இந்த அறைக்குள்ள நீங்கள் கால் வைக்கப்படாது."

"நான் சோறு தீத்தி வளர்த்த பிள்ளை. எனக்குத் தெரியாதே?" என்றார் மச்சாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவ்வளவு நேரமும் என் கணவர் தலையணையில் கிடந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை நான் இன்றைக்கும் திருப்பி வாங்க மாட்டேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் காய்ச்சல். சுவாசப்பையில் கிருமி பிடித்துவிட்டது. அது இறங்கி முடிய ஒரு கிழமைக்கு மேலே ஆனது. அதன்பிறகு அந்த ஜெர்மன்காரி மறுபடியும் கரண்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரருக்குக் கொடுக்கிற கிறீஸ்ப்ரை, அதாவது பாலில் காய்ச்சிய இனிப்பு ரவைக் களி, மேலே கறுவாப்பட்டைத் தூள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கெஞ்சினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மறுநாளும் அப்படியே. அவருடைய எச்சிலை அவர் ஒழுங்காக விழுங்குகிறார், விழுங்க முடியும், ஆனால் திறக்கிறார் இல்லையே என்று அவள் சொன்னாள்.

டொக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். மூக்குக் குழாயை இனி வைத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் வாயால் சாப்பிடத் தொடங்கவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். பிறகு எடுக்கலாம்தானே என்று கேட்டேன். சிலருக்கு எடுக்கிறோம் என்றார். சாப்பாட்டுக்காகவே சண்டை போடுகிற மனிதன், இனி நாக்கில் ஒன்றும் படாமல் வாழ்வதா?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: அந்த இனிப்புக் களி அவருக்குப் பிடிக்கவில்லை. சீனி தூவினாலும் உறைப்பின்மேல்தான் தூவுவார், காலையில் கறுவாத்தூளை மோந்துகூடப் பார்க்காத ஆள். ஆகவே உறைப்பு ரவை செய்வதென்று முடிவு கட்டினேன். ஆனால் எப்படி? வெங்காயத் துண்டு கூடாது, கடுகு கூடாது, கறிவேப்பிலை கூடாது, ஒரு துணுக்கு அகப்பட்டாலும் தொண்டையில் சிக்கும். யோசித்துவிட்டு, நெய்யில் எல்லாவற்றையும் தாளித்து, மிளகாய் கறுக்கும்வரை விட்டு, அந்த நெய்யை மட்டும் துணியில் வடித்து எடுத்தேன். குழைகிற ரவையை வெறும் சட்டியில் வறுத்து, கொதிநீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கை ஓயும்வரை கட்டியில்லாமல் துழாவி, கடைசியில் அந்த நெய்யைக் கலந்தேன். வீடெல்லாம் உப்புமா வாசம். ருசி பார்த்தேன். அப்படியே அவருடைய உப்புமா, பல்லுக்கு மட்டும் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அதைப் பிளாஸ்கில் போட்டுக்கொண்டு யூபான் ரயிலில் போனேன். நாலாம் மாடியில் லிஃப்டுக்கு முன்னால் உள்ள வாங்கில், அந்த நீட்டு இருக்கையில், மச்சாள் இருந்தார். அன்று மட்டுமல்ல, துரத்திய நாளிலிருந்து தினமும் அங்கேதான் வந்து இருப்பார். நானும் தினமும் பேசாமல் கடந்து போவேன். அன்றும் போனேன்.

பிளாஸ்கைத் திறந்தால் ரவை இறுகிக் கட்டியாக இருந்தது. ஜெர்மன்காரி அதை வாங்கி, சுடுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தாள். கரண்டியில் அள்ளிச் சரித்தாள். வழியவில்லை, நின்றது. தலையை ஆட்டிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் கரண்டியை அவர் மூக்கருகே கொண்டு போனேன். மூக்குத் துடித்தது. வாசம் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

"இஞ்சருங்கோ, ஒரு வாய். எனக்காக," என்றேன்.

வாய் திறக்கவில்லை. கண் என்னைத் தாண்டிப் போனது. யாரோ தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூடாமல் போயிருந்தாள். அந்த இடைவெளியில் நீண்ட நடைவழியும் அதன் முடிவில் ஒரு சேலைத் தலைப்பும் தெரிந்தன. அவர் அதையேதான் பார்த்தார். முந்திய நாளும் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கண் அங்கே போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனிப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நான் துரத்திய நாளிலிருந்துதான் இந்த மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

விளங்கியது. விளங்கியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நெய் வடித்தது நான், கை ஓயத் துழாவியது நான், இரவும் பகலும் இந்தக் கட்டிலடியில் கிடப்பதும் நான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு டொக்டர் வருவார். கரண்டியை வைத்துவிட்டு நடைவழியில் போய் வாங்குக்கு முன்னால் நின்றேன்.

"மச்சாள், உள்ளுக்கு வாங்கோ."

"நீர்தானே வரவேண்டாம் எண்டனீர்."

"இப்ப வாங்கோ எண்டுறன்."

அவர் எழும்பினார். அறைக்குள் வந்து கட்டிலடியில் நின்றதும், கரண்டியை அவர் கையில் வைத்தேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை," என்றார். இத்தனை வருடத்தில் அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கும்தான். கொஞ்சமாய் அள்ளுங்கோ. நாடியை நான் பிடிக்கிறன்."

என் கணவரின் மோவாயை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தேன், ஜெர்மன்காரி காட்டித் தந்தபடி. மச்சாள் கரண்டியைக் கொண்டுவந்தார். வாய் திறந்தது. ரவை உள்ளே போனது. ஜெர்மன்காரி தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தாள். அவள் விரலுக்குக் கீழே அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இருமலுக்காகக் காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

அவள் இன்னும் விடவில்லை. குரல் ஈரமாகக் கரகரத்தால் சாப்பாடு தவறான வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம், ஏதாவது ஒரு சத்தம் போடச் சொல்லுங்கள் என்றாள். நான் அவர் காதுக்குள் சொன்னேன். அவர் உதட்டைக் கோணினார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை.

"அக்கா," என்றார். தெளிவாக.

ஜெர்மன்காரி சிரித்துக்கொண்டு நல்லது, மிக நல்லது என்றாள். மச்சாள் கரண்டியோடு கட்டில் விளிம்பில் குந்திவிட்டார், அழுகிறார், அழுதுகொண்டே தம்பியின் வாய் ஓரத்தைத் துடைக்கிறார். எனக்குச் சந்தோசம்தான். அந்தச் சந்தோசத்துக்குள்ளேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முதல் சொல் என் பெயராக இருந்திருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கரண்டியை அளவாக அள்ளி, சரித்துப் பார்த்து, மச்சாளின் கையில் கொடுத்தேன்.